மூட்டுருவமும் செயற்கை நுண்ணறிவும்

சென்ற கோடை விடுமுறையின்கண் எம் பாட்டியாரை மூட்டு மருத்துவர் ஒருவர்பால் அழைத்துச் செல்ல நேர்ந்தது. எழுபது அகவையைக் கடந்த அவர்தம் வலது முழங்கால் சில ஆண்டுகளாக நோயுற்று, படியேறவும் ஆலயத்தில் முழந்தாளிடவும் ஒட்டாது அவரை வருத்திவந்தது. மருத்துவர், முன்னரே எடுக்கப்பெற்ற ஸ்கேன் படங்களைக் கணிப்பொறித் திரையிற் காட்டினார். கருமையும் வெண்மையும் சாம்பல்நிறமுமாய் நின்ற அப்படங்களின் அருகே, எலும்பு ஒரு நிறமும் குருத்தெலும்பு மற்றொரு நிறமுமாக முழங்காலுருவம் ஒன்று தோன்றி, அவர் விரலசைத்தவாறெல்லாம் சுழன்றது. பாட்டியார் அதனைச் சற்றுநேரம் உற்றுநோக்கி, "டாக்டர் ஐயா, இது என் முழங்காலா, ஊரார் முழங்காலா?" என்று வினவினார். மருத்துவர் முறுவலித்து, "உங்களுடையதுதான் அம்மா. ஆனால் வரைந்தது கம்ப்யூட்டர், நான் இன்னும் ஒத்துப்பார்க்கவில்லை" என்று விடை கூறினார்.

அவ்விடையின் பிற்பகுதி எம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. ஏட்டுச்சுவடிகளை ஒத்துப்பார்த்தலே தமிழ் பயில்வார்க்கு முதற்றொழில் என்று ஆசிரியர்பாற் கேட்டிருக்கும் எமக்கு, முழங்காலையும் அங்ஙனம் ஒத்துப்பார்த்தல் வேண்டுமென்பது புதுமையாகத் தோன்றிற்று. ஸ்கேன் படத்தினின்று மூட்டின் உருவத்தைச் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு சமைக்கின்றது, அவ்வுருவத்தை எத்துணை நம்பலாம் என்னும் இரண்டனையும், யாம் கற்றறிந்த அளவிற் சுருக்கி ஈண்டு எழுதுகின்றோம்.

மூட்டின் இயல்பு

இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்துமிடம் மூட்டு எனப்படும். முழங்காலில் மேலிருந்து வரும் தொடையெலும்பும் கீழிருந்து வரும் கணைக்காலெலும்பும் கூடுகின்றன. முன்புறத்தே முழங்காற்சில்லு காவலாக நிற்கின்றது. எலும்புகள் உராயும் பரப்புக்களை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்திருக்கின்றது. அவற்றினிடையே பிறைவடிவமான இரண்டு குருத்துத்தட்டுகள் மெத்தைபோற் கிடந்து உடற்பாரத்தைத் தாங்குகின்றன. எலும்புகள் இடம்பெயராவண்ணம் வலிய நார்கள் அவற்றைப் பிணித்து நிற்கின்றன.

இவற்றுட் குருத்தெலும்பே யாம் கருதிய பொருட்கு இன்றியமையாதது. அதன் கனம் சில மில்லிமீட்டரேயாம். அதன்கண் குருதிக்குழாய்கள் இன்மையால், ஒருமுறை தேய்ந்தது முன்போல் மீள வளர்தல் அரிது. எனவே அஃது எவ்விடத்தே தேய்ந்துள்ளது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்பவற்றை அறிதல், அறுவை மருத்துவம் வேண்டுமா அன்றா என்னும் முடிபிற்குத் துணையாகின்றது. ஒரு மில்லிமீட்டர் பிழைப்பினும் அஃது ஈண்டுச் சிறுபிழையன்று.

நிழலும் துண்டமும்

உயிருள்ளார் உடம்பைக் கிழியாமலே உள்ளே நோக்கும் வழி 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் திறந்தது. ஜெர்மனி நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களிலேயே தம் மனைவியார் கையின் எலும்புகளைப் படமாக்கினார். ஆயினும் எக்ஸ் கதிர்ப் படம் நிழலேயாம். முன்னுள்ளதும் பின்னுள்ளதும் அதன்கண் ஒன்றன்மேலொன்றாக விழுகின்றன. பல ஓலைகளை அடுக்கி விளக்கின்முன் பிடித்து எழுத்தைப் படிக்கப் புகுவார் இடர்ப்படுமாறு, அப்படத்தை நோக்குவாரும் இடர்ப்படுவர்.

ஓலைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது சி.டி. ஸ்கேன் ஆகும். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியறிஞர் அமைத்த கருவியால், 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், லண்டன் மாநகரின் விம்பிள்டனிலுள்ள மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாகத் துண்டந்துண்டமாகப் படமாக்கப்பெற்றது. உடலைச் சுற்றிப் பல திசைகளினின்றும் கதிர் செலுத்தி, அது குறைந்து வெளிப்படும் அளவுகளைக் கணக்கிட்டு, உள்ளேயுள்ள ஒவ்வோரிடத்திற்கும் ஓர் எண்ணை அக்கருவி வழங்கும். நீருக்கு எண் சுழியம்; காற்றுக்கு எதிர்க்குறியுடன் 1000; எலும்பிற்குச் சில நூறும் அதற்கு மேலும் ஆம். இவ்வெண்கள் இன்றும் அவ்வறிஞர் பெயராலேயே வழங்குகின்றன.

சி.டி. ஸ்கேனில் எலும்பு தெளிவாக விளங்கும். குருத்தெலும்பு அத்துணை விளங்காது. அதனைக் காட்டவல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். உடலின் நீரிலும் கொழுப்பிலுமுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் நின்று ரேடியோ அலைக்கு எதிரொலிப்பதைக் கொண்டு அது படம் அமைக்கின்றது. எக்ஸ் கதிர் அதற்கு வேண்டுவதில்லை. 1973ஆம் ஆண்டில் இம்முறையிற் படமெடுத்துக் காட்டிய லாட்டர்பர் என்பாரும், அதனை விரைவுபடுத்திய மான்ஸ்ஃபீல்டு என்பாரும் 2003ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

எல்லை வரைதல்

ஸ்கேன் படத்தில் எலும்பு உண்டு. எலும்பு என்னும் பெயர் இல்லை. உள்ளன எண்களே. முழங்கால் ஆராய்ச்சியில் வழங்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு முழங்காலுக்கு 160 துண்டங்கள். ஒவ்வொரு துண்டத்திலும் 384 வரிசையும், வரிசைக்கு 384 கட்டமும் உள்ளன. பெருக்கின், 2 கோடியே 35 இலட்சத்திற்கு மேற்பட்ட கட்டங்களாம். இவற்றுள் ஒவ்வொன்றும் எலும்பைச் சேர்ந்ததா, குருத்தெலும்பைச் சேர்ந்ததா, தசையைச் சேர்ந்ததா என்று பிரித்தல் வேண்டும்.

இவ்வெல்லையை முன்னாளில் வல்லுநரே துண்டந்தோறும் கையால் வரைந்தனர். ஒரு முழங்காலுக்குப் பல மணிநேரம் கழியும். எலும்பும் குருத்தெலும்பும் தொடுமிடம் தெளிவாயிருத்தல் கூடும். தொடையெலும்பின் குருத்தும் கணைக்காலெலும்பின் குருத்தும் ஒன்றையொன்று அழுத்தி நிற்குமிடத்தோ எல்லை மயங்கும். அங்கே இருவர் வரையின் இருவகையாக வரைவர். ஒருவரே மறுநாள் வரையினும் சிறிது வேறுபடுவர்.

எல்லை வரைந்தபின் உருவமாக்குதல் எளிது. 1987ஆம் ஆண்டில் லாரென்சன், கிளைன் என்னும் அமெரிக்கர் இருவர் அதற்கொரு கணக்குமுறையை வெளியிட்டனர். கட்டங்களைச் சிறுகனங்களாகக் கொண்டு, எல்லை எக்கனத்தை எவ்வாறு கடக்கின்றதென நோக்கி, ஆங்காங்கே சிறு முக்கோணங்களை வைத்துக்கொண்டே சென்றால், முக்கோணங்கள் இணைந்து வழுவழுப்பான மேற்பரப்பாகும். பாட்டியார் திரையிற் கண்டது இத்தகைய மேற்பரப்பே. அதன் வழுவழுப்பு கணக்கினால் வந்தது. எல்லை மயங்கிய இடத்தும் மயங்காத இடத்தும் அஃது ஒரே அழகோடு விளங்கும். கண்ணைக் கவரும் அவ்வழகு உண்மைக்குச் சான்றாகாதென்பதை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

பொறி கற்குமாறு

பல மணிநேரத்து உழைப்பைச் சின்னேரத்திற் செய்துமுடிக்கச் செயற்கை நுண்ணறிவு துணைசெய்கின்றது. அதற்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பாரில்லை. எடுத்துக்காட்டுக்களே அதற்கு ஆசிரியர். வல்லுநர் எல்லை வரைந்த படங்கள் பலவற்றை அதன்முன் வைப்பர். பொறி முதலில் மனம்போனபடி ஒரு விடை தரும். அவ்விடை வல்லுநர் வரைந்ததனின்று எவ்வளவு வேறுபட்டதெனக் கணக்கிடப்பெறும். அவ்வேறுபாடு குறையுமாறு பொறியினுள்ளேயுள்ள இலட்சக்கணக்கான எண்கள் சிறிதுசிறிதாகத் திருத்தப்பெறும். இங்ஙனம் பன்முறை திருத்தப்பெற்றபின், முன் காணாத படத்திற்கும் அது விடை தரவல்லதாகின்றது.

இத்துறையிற் பெரிதும் வழங்கும் அமைப்பு யூ-நெட் என்பது. 2015ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தார் மூவர் இதனை வெளியிட்டனர். உரோமன் எழுத்தாகிய யூவின் வடிவிற் படம் கீழிறங்கி மேலேறுதலால் இப்பெயர் பெற்றது. இறங்குங்கால் படம் படிப்படியே சுருங்க, பொறி முழுமையை உணர்கின்றது. இஃது எலும்பு, இது தசை என அறிகின்றது. ஏறுங்கால் படம் மீண்டும் விரிய, அவ்வெலும்பு எக்கட்டத்தில் முடிகின்றதென நுணுக்கத்தை நாடுகின்றது. இறங்கும்போது கண்ட நுண்மைகள் மறையாவண்ணம், அவை குறுக்குவழியாக ஏறும் பக்கத்திற்குக் கொடுக்கப்பெறுகின்றன. செய்யுளின் பொதுக்கருத்தை முதலில் உணர்ந்து, பின்னர்ச் சொற்றோறும் பொருள் காண்பார் முறையை இஃது ஒருவாறு ஒக்கும்.

கற்பதற்குப் பாடம் வேண்டுமன்றோ? முழங்கால் நோயைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்தற்கென 2004ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஒரு பெருமுயற்சி தொடங்கிற்று. 45 முதல் 79 வரை அகவையுள்ள ஆடவரும் மகளிருமாக 4,796 பேர் அதிற் சேர்ந்து, தம் முழங்கால்களைப் படமெடுக்க இசைந்தனர். அப்படங்கள் உலகத்து ஆராய்ச்சியாளர்க்கெல்லாம் பொதுவாக்கப்பெற்றன. அவற்றுள் 507 முழங்கால்களுக்கு எல்லை வரைந்து, பெர்லின் நகரத்துச் சூசே நிறுவனத்தார் 2019ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பொறி வரையும் எல்லையின் பின்னே இத்தகைய மனிதக் கைகளின் உழைப்பு மறைந்து நிற்கின்றது. அக்கைகள் பிழைத்த இடத்துப் பொறியும் பிழைக்கவே கற்கும்.

வடிவறிவின் துணையும் தீங்கும்

பொறி சிலவேளை நகைக்கத்தக்க பிழைகளும் செய்யும்; எலும்பினின்று பிரிந்து வெற்றிடத்தே ஒரு துண்டெலும்பு மிதப்பதாகவும் வரையும். இதனைத் தடுத்தற்கு அப்பெர்லின் அறிஞர் வடிவறிவைத் துணைக்கொண்டனர். பல முழங்கால்களின் வடிவங்களைத் தொகுத்து, அவற்றின் நடுத்தர வடிவையும், அதனின்று முழங்கால்கள் வேறுபடும் வகைகளையும் கணக்காற் காணலாம். யூ-நெட் முதலில் எல்லை வரையும். வடிவறிவு அதனை முழங்காலுக்கு இயன்ற வடிவினுள் அடக்கும். பின்னர் மேற்பரப்பின் அருகே மற்றொரு பொறி மீண்டும் நோக்கி நுணுக்கமாகத் திருத்தும்.

அற்றேல், இறுதியில் மீண்டும் திருத்துவது எற்றுக்கெனின், கூறுதும். நடுத்தர வடிவு என்பது பலர்க்கும் பொது. நோயோ ஒருவர்க்கே உரியது. மூட்டு தேய்ந்தார்க்கு எலும்பின் விளிம்பிற் புதிய முளைகள் தோன்றுவதுண்டு. பொதுவடிவையே பற்றிநிற்கும் பொறி அம்முளைகளைப் பிழையெனக் கருதி மழித்துவிடுதல் கூடும். அரிய பாடத்தை ஏடெழுதினோன் பிழையெனக் கொண்டு, தான் அறிந்த எளிய சொல்லாக மாற்றிவிடும் பதிப்பாசிரியன் செயலை இஃது ஒக்கும். "ஊரார் முழங்காலா?" என்று பாட்டியார் வினவியது எத்துணைக் கூரிய வினா என்பது இதனால் விளங்கும்.

உருவத்தின் பயன்

இவ்வுருவம் வெறுங்காட்சிப்பொருளன்று. மூட்டு மாற்றும் அறுவைக்கு முன், எலும்பை எக்கோணத்தில் எவ்வளவு அறுப்பதென இதன்மீது திட்டமிடுகின்றனர். ஒருவர் எலும்பிற்கே பொருந்தும் அறுவை வழிகாட்டிகளை இதனைக்கொண்டு வார்த்தெடுக்கின்றனர். மேலும் உருவத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறும் பாரத்தால் எவ்வளவு அமுங்குமெனக் கணக்கிட்டு, நடக்குங்கால் குருத்தெலும்பின் எவ்விடத்தே அழுத்தம் மிகும் என்பதையும் உய்த்துணர்கின்றனர். அமெரிக்க நாட்டுக் கிளீவ்லண்டு நகரத்து ஆராய்ச்சியாளர், 2010ஆம் ஆண்டளவில், இறந்த எழுபது அகவைப் பெண்மணியொருவரின் வலது முழங்காலினின்று அத்தகைய உருவொன்றை அமைத்து எவரும் பயன்கொள்ள வெளியிட்டனர். எம் பாட்டியாரின் அகவையினரான அவ்வம்மையார்பால் யாம் நன்றியுணர்ச்சி கொள்கின்றோம்.

ஆனால் ஸ்கேன் சொல்லாதவை சிலவுள. அது வடிவைக் காட்டும். நார் எவ்வளவு இறுகியுள்ளது, குருத்து எவ்வளவு வலியது என்பவற்றை அவ்வாறு காட்டாது. நோயாளர் பெரும்பாலும் படுத்திருக்கும்போதே படம் எடுக்கப்பெறும். நோவதோ நிற்கும்போதும் நடக்கும்போதும். இவ்விடைவெளிகளை உருவமைப்பார் தம் தேர்ச்சியால் நிரப்புகின்றனர்.

ஒப்பெண்ணும் அதன் ஏமாற்றமும்

பொறி வரைந்தது சரியா என்று அறிய ஒப்பெண் ஒன்று வழங்குகின்றது. வல்லுநர் வரைந்த பகுதிக்கும் பொறி வரைந்த பகுதிக்கும் பொதுவான கட்டங்களை இரட்டித்து, இரண்டின் மொத்தக் கட்டங்களால் வகுப்பர். முழுதும் ஒத்தால் 1. சிறிதும் ஒவ்வாதாயின் சுழியம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். வல்லுநர் 1,000 கட்டங்களைக் குருத்தெலும்பு என்றார். பொறி அவற்றுள் 960ஐ மட்டும் கூறிற்று. 960ஐ இரட்டித்து, 1,960ஆல் வகுக்க, ஒப்பெண் ஏறக்குறைய 0.98 ஆகும். தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பெற்றால் யாரே மகிழார்? ஆனால் விடுபட்ட 40 கட்டங்களும் பரப்பெங்கும் சிதறிக் கிடப்பின் தீங்கு சிறிது. உடற்பாரம் விழும் ஒரே இடத்தில் திரண்டிருப்பின், அங்கே குருத்தெலும்பு அற்றுப்போயிற்றெனப் பொறி கூறியதாகும். இரண்டிற்கும் ஒப்பெண் ஒன்றே.

இது வெறுங்கற்பனையன்று. 2019ஆம் ஆண்டில் முழங்காற் படங்களைப் பகுக்கும் போட்டியொன்று உலக ஆராய்ச்சியாளரிடையே நிகழ்ந்தது. 88 பேருடைய முழங்கால்கள், ஓராண்டு இடைவிட்டு இருமுறை எடுக்கப்பெற்ற படங்களாக, அதற்கு வைக்கப்பெற்றன. ஆறு குழுவினர் தம் பொறிகளின் விடைகளை அளித்தனர். சிறந்த பொறிகளின் ஒப்பெண்கள் தம்முள் பெரிதும் வேறுபடவில்லை. ஆயினும் அவ்வொப்பெண்ணுக்கும், மருத்துவர்க்கு வேண்டிய குருத்தெலும்பின் கனத்தைச் சரியாக அளத்தலுக்கும் உள்ள தொடர்பு தளர்ந்ததாகவே காணப்பட்டது.

மற்றொன்று இன்னும் வியப்புடைத்து. அமெரிக்காவிலும் நியூசிலாந்திலுமுள்ள ஐந்து குழுவினர்க்கு ஒரே முழங்கால்களின் படங்களும் அளவுகளும் கொடுக்கப்பெற்றன. ஒவ்வொரு குழுவும் தத்தம் முறையில் உருவும் இயக்கமும் அமைத்தது. மூலம் ஒன்றாயிருந்தும், நார்களை அமைத்த வகை முதலியவற்றால் உருவங்கள் வேறுபட்டன. அவற்றினின்று பெற்ற முடிபுகளும் வேறுபட்டன. திருக்குறளுக்கு உரைசெய்தார் பதின்மர் என்ப. மூலம் ஒன்றாயினும் உரை பத்தாதல் கண்ட நமக்கு இது வியப்பாகாது. மூட்டுருவமும் உரையே, மூலம் ஸ்கேன் படமே. உரையைக் கற்றலால் மூலம் எளிதாகும். மூலத்தை மூடிவைத்து உரையையே மூலமெனக் கொள்ளின் கேடு விளையும்.

எவர்தம் முழங்கால்கள்?

மேற்கூறிய 4,796 பேரும் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர், கொலம்பஸ், பிட்ஸ்பர்க், பாடக்கெட் என்னும் நான்கு ஊர்களிலுள்ள நிலையங்களிற் சேர்ந்தவர். நம் பாட்டியரோ தரையிற் சம்மணமிட்டு உண்டவர்; குந்தியிருந்து அரிசி புடைத்தவர். வாழ்க்கைமுறையால் முழங்கால் தாங்கும் பாரமும் மடங்கும் அளவும் வேறாகும். ஓரினத்தார் படங்களிற் கற்ற பொறி மற்றோரினத்தார்க்குப் பயன்படாதென்று யாம் கூறவில்லை. பயன்படுமா என்பதை இந்நாட்டு முழங்கால்களின்மேல் ஆராய்ந்து துணிதல் வேண்டும் என்கின்றோம். அதற்கு நம்மவர் படங்களும், அவற்றின்மேற் பொறுமையுடன் எல்லை வரையும் நம்மவர் கைகளும் வேண்டும். இக்கல்லூரியில் விஞ்ஞானமும் மருத்துவத்திற்குரிய பாடங்களும் பயிலும் நண்பர் இதனைத் தம் கடனாகக் கருதுவாராக.

முடிவுரை

இருவாரங்கழித்துப் பாட்டியாருடன் மீண்டும் சென்றோம். மருத்துவர் அதற்குள் உருவத்தையும் துண்டப்படங்களையும் ஒத்துப்பார்த்திருந்தார். மூட்டின் உட்புறத்தே ஓரிடத்திற் குருத்தெலும்பு மெல்லிதாக எஞ்சியிருப்பதாகப் பொறி வரைந்திருந்தது. துண்டப்படத்திலோ அங்கே எலும்பே வெளிப்பட்டிருந்தது. அவ்வெல்லையைத் தம் கையால் திருத்தியதை எமக்குக் காட்டினார். மற்றையவிடங்களிற் பொறி வரைந்தது செவ்விதாகவே இருந்ததென்றும், தாமே முழுதும் வரைவதாயின் அத்துணை நோயாளரையும் பார்த்தல் இயலாதென்றும் கூறினார். பாட்டியார், "அப்படியானால் இப்போதுதான் இது என் கால்" என்றார்.

யாம் இவ்வளவும் எழுதிக் கூறப்புகுந்ததும் அதுவே. பொறி பலர் முழங்கால்களைக் கற்றுப் பொதுமையை அறிகின்றது; அப்பொதுமையின்றி விரைவும் இல்லை, பலர்க்கு உதவியும் இல்லை. ஆயினும் நோயாளர் பொதுமையராக வருவதில்லை. தத்தம் நோவோடு தனித்தனியே வருகின்றனர். பொதுவடிவிற்கும் தனியொருவர்க்கும் இடையேயுள்ள சிற்றிடைவெளியை, மூலத்தைத் திறந்து வைத்து ஒத்துப்பார்க்கும் ஒருவர் கண்ணே நிரப்புகின்றது. பொறி எத்துணை வளரினும் அக்கண் அயராதிருப்பதாக.